நன்கொடைக்கு நூறு கேள்வி, சாதிக்கு ஒரு கேள்வி இல்லை

2019 மே மாத வெயிலில் மந்தைவெளி பஸ் நிலையத்தில் இறங்கி அபிராமபுரத்துக்கு நடந்தோம், நானும் எங்கள் பெரியம்மாவும். பெரியம்மா என்றால் எனக்கு ரத்த உறவு இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் சேரியில் எல்லாருக்குமே அவர் பெரியம்மாதான். எங்கள் அறக்கட்டளையின் ஐந்து அறங்காவலர்களில் ஒருவர். கையெழுத்து வராது, கைநாட்டு. ஆனால் எங்கள் ஊர்ப் பஞ்சமி நிலம் எந்த வரப்பில் தொடங்கி எந்தப் பனைமரத்தில் முடிகிறது, எந்த வருஷம் யார் பேருக்குப் பட்டா மாறியது என்பதையெல்லாம் தாலுகா ஆபீசைவிடத் துல்லியமாகச் சொல்வார். என் கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் அறக்கட்டளைப் பத்திரம், வரவு செலவுக் கணக்கு, எங்கள் மூன்று இரவுப் பாடசாலைகளின் வருகைப் பதிவேடு.

அந்த வருஷம் தை மாதத்தில் அமெரிக்க நிதி அறக்கட்டளை ஒன்றைச் சேர்ந்தவர்கள் எங்கள் பாடசாலைகளை வந்து பார்த்தார்கள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார்கள். "உதவி செய்கிறோம், சில காகிதங்கள் மட்டும் வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் 'சில காகிதங்கள்'தான் எங்களை அபிராமபுரத்து ஆடிட்டர் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆடிட்டர் மரியாதையானவர். "உட்காருங்கம்மா" என்று பெரியம்மாவுக்கு நாற்காலி காட்டினார். காபி வந்தது, எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளரில். பெரியம்மா அதைக் கவனித்தார், நானும் கவனித்தேன். பிறகு பட்டியலைப் படித்தார். பத்திரத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஐந்து வருஷத்தில் யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு வேண்டும். அறக்கட்டளை கலைந்துபோனால் சொத்து இன்னொரு தர்ம காரியத்துக்குத்தான் போகும் என்ற ஷரத்து வேண்டும். அறங்காவலர் எவரும் இதில் லாபம் பார்க்கவில்லை, தேர்தலில் எந்த வேட்பாளருக்கும் வேலை செய்யவில்லை என்று எழுதித் தர வேண்டும். பாடசாலை நடத்துவதால் கூடுதலாக ஒன்று: இனம், நிறம் பார்த்துப் பிள்ளைகளை ஒதுக்குவதில்லை என்ற உறுதிமொழி.

பெரியம்மா என்னைப் பார்த்தார். "நெறமா? நம்ம புள்ளைங்க எல்லாம் கருப்புதானே தம்பி" என்றார். ஆடிட்டர் சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை. "சாதி கேக்கலியா அதுல?" என்று கேட்டார். "அதெல்லாம் அவங்க கேக்க மாட்டாங்கம்மா" என்றார் ஆடிட்டர்.

கிளம்பும்போது அவர் என்னிடம் தனியாகச் சொன்னது: "தப்பா நெனைக்காதீங்க சார். போர்டுல ரெண்டு பெரிய மனுஷங்களச் சேத்துக்கோங்க. ரிடயர்டு ஆபீசர் ஒருத்தர், டாக்டர் ஒருத்தர். படிச்சவங்க கையெழுத்து இருந்தா வேலை சீக்கிரமா முடியும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எந்தக் கையெழுத்தைக் காகிதம் நம்பும், எந்தக் கைநாட்டைச் சந்தேகப்படும் என்பது தொழில் தெரிந்தவர் என்ற முறையில் அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களைச் சட்டப்படி பரிசோதிக்கும் முறையை எளிமையாக்க வேண்டும் என்று மேலை நாட்டு நிதி அறக்கட்டளைகளும் அவற்றின் வக்கீல்களும் வெகுகாலமாகப் பேசிவருகிறார்கள். நம் பக்கத்தில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'அது என்.ஜி.ஓ.க்காரன் பிரச்சினை' என்று விட்டுவிடுகிறோம். நமக்கு வர வேண்டியதும் வராமல் போவதும் அங்கேதான் தீர்மானமாகிறது என்பதால் மாணவ நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன்.

அமெரிக்காவில் பணக்காரக் குடும்பங்களும் கம்பெனிகளும் வைத்திருக்கும் தனியார் நிதி அறக்கட்டளைகளுக்கு 1969 வரிச் சட்டம் கடிவாளம் போட்டது. தர்மத்தின் பெயரால் வரி ஏய்ப்பதைத் தடுப்பதுதான் நோக்கம். நியாயமான நோக்கம். அதன்படி ஒரு வெளிநாட்டு அமைப்புக்குப் பணம் கொடுக்க இரண்டு வழிதான். ஒன்று, கொடுத்த பணம் என்ன ஆனது என்று கொடுத்தவரே கடைசிவரை பொறுப்பேற்பது: முன்விசாரணை, ஒப்பந்தம், தனிக் கணக்கு, வருடாந்திர அறிக்கை, அதை வரித்துறைக்கும் தெரிவிப்பது. இரண்டு, வாங்கும் அமைப்பு அமெரிக்கச் சட்டப்படியான தொண்டு நிறுவனத்துக்குச் சமமானதுதான் என்று காகிதங்களை வைத்துத் தீர்மானித்துக்கொள்வது. ஆடிட்டர் எங்களுக்குப் படித்த பட்டியல் இந்த இரண்டாவது வழிக்கு உரியது.

இந்த இரண்டாவது வழியை எளிமையாக்க 1992இல் அமெரிக்க வரித்துறை ஒரு நடைமுறை கொண்டுவந்தது. வாங்கும் அமைப்பே தன்னைப் பற்றிப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம், கொடுக்கும் அறக்கட்டளை அதை நம்பி நடக்கலாம் என்றார்கள். 2015இல் விதியை மாற்றினார்கள். வாங்குகிறவரின் பிரமாணம் மட்டும் போதாது, வரிச் சட்டம் தெரிந்த வக்கீலோ கணக்காளரோ எழுத்தில் கருத்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். 2017இல் அதற்கேற்ற புது நடைமுறை வந்தது. இதற்கிடையில் 2013இல் என்.ஜி.ஓ.சோர்ஸ் என்ற ஏற்பாடு தொடங்கியது. ஒரு அமைப்பை ஒருமுறை பரிசோதித்துவிட்டால் அந்த முடிவைப் பல அறக்கட்டளைகள் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே காகிதக் கட்டைப் பத்துப் பேர் பத்து முறை கேட்கும் கூத்து குறையும். நல்ல யோசனை. நான் இதை எதிர்க்கவில்லை.

ஆனால் 2015 மாற்றத்தை மட்டும் ஒருமுறை நின்று பாருங்கள். கொடுப்பவருக்கு அது வசதி. ஒரு நிபுணர் எழுதிக் கொடுத்தால் தலைவலி தீர்ந்தது. வாங்குபவருக்கு? உன்னைப் பற்றி நீ சொல்வது செல்லாது, உன்னைப் பற்றிப் படித்தவன் ஒருவன் சொன்னால் செல்லும். இந்த வாசகம் நமக்குப் புதுசா? கிராமத்துப் பஞ்சாயத்தில் சேரிக்காரன் சாட்சி செல்லாது என்று எத்தனை தலைமுறை கேட்டிருக்கிறோம்? வாஷிங்டனில் அந்த விதியை எழுதியவருக்கு நம் சேரி தெரியாது, அவர் மனதில் சாதி இல்லை. ஆனால் அந்த விதி அபிராமபுரம் வந்து சேரும்போது சாதியாகத்தான் வந்து இறங்குகிறது. "ரெண்டு பெரிய மனுஷங்களச் சேத்துக்கோங்க" என்ற யோசனை அங்கிருந்துதான் பிறக்கிறது.

இது அங்கே இருக்கும் சல்லடை. இங்கே இன்னொரு சல்லடை இருக்கிறது, அதன் கண் இன்னும் சின்னது.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 1976இல், நெருக்கடி நிலையின்போது பிறந்தது. 1984-85இல் பதிவு கட்டாயமானது. 2010 சட்டம் அந்தப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொன்னது. 2020 செப்டம்பரில் மறுபடியும் திருத்தினார்கள். பணம் முதலில் தில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளைக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவு பெற்ற ஒரு அமைப்பு தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றித் தரக்கூடாது. அதே ஆண்டு நவம்பரில் வந்த விதிகளின்படி, பதிவு கேட்கும் அமைப்பு முந்தைய மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது தன் பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும்.

15 லட்சம். வெளிநாட்டுப் பணம் வாங்க வேண்டுமானால் வெளிநாட்டுப் பணம் இல்லாமலே 15 லட்சம் செலவழித்துக் காட்டு என்கிறார்கள். எந்தச் சேரியின் அமைப்பு காட்டும்? மாதம் ஐம்பது ரூபாய் சந்தாவில் மண்ணெண்ணெயும் சாக்பீசும் வாங்கிய அமைப்பு எதைக் காட்டும்?

எங்கள் கதை இந்தச் சுவரில்தான் மோதி நின்றது. அறங்காவலர்கள் கூடிப் பேசி, 'பெரிய மனுஷங்களை' போர்டில் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தோம். எங்களுக்கு வெளிநாட்டு நன்கொடைப் பதிவும் இல்லை. அப்போது ஒரு சந்து திறந்திருந்தது. பதிவு பெற்ற ஒரு நிறுவனம், மத்திய அரசின் முன் அனுமதியோடு, தான் வாங்கியதில் பத்தில் ஒரு பங்குவரை பதிவில்லாத அமைப்புகளுக்குத் தரலாம். நகரத்தில் ஒரு பெரிய நிறுவனம் அதற்கு முன்வந்தது. அனுமதிக்குக் காகிதம் தயாரானபோது கொரோனா வந்தது. 2020 செப்டம்பர் 29 அன்று புதுத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. சந்தை அடைத்துவிட்டார்கள். மூன்று பாடசாலைகளில் இரண்டை 2021இல் மூடினோம். கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு இரவுப் பாடசாலை எப்போதையும்விட அதிகமாகத் தேவைப்பட்ட வருஷம் அது.

எங்களுடையது சின்னக் கதை. பெரிய அமைப்புகளுக்கு நடந்ததும் ஊரறிந்தது. குஜராத்தில் கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிராகவும் தீண்டாமைக்கு எதிராகவும் ஊர் ஊராக வேலை செய்த நவசர்ஜன் அமைப்பின் பதிவை 2016 டிசம்பரில் ரத்து செய்தார்கள். மதுரையின் மக்கள் கண்காணிப்பகத்தின் பதிவை 2012இல் முடக்கினார்கள், 2016இல் புதுப்பிக்க மறுத்தார்கள். 2020 திருத்தத்தை எதிர்த்துப் போன வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டு நன்கொடை பெறுவது யாருக்கும் முழு உரிமை அல்ல என்று சொல்லித் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

சரி, தேசப் பாதுகாப்பு. வெளிநாட்டுப் பணம் உள்நாட்டு அரசியலைக் கெடுத்துவிடக் கூடாது. ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால் இதைக் கேளுங்கள். 2014இல் தில்லி உயர் நீதிமன்றம் பாரதிய ஜனதா, காங்கிரஸ் இரண்டு கட்சிகளும் வேதாந்தா குழுமத்திடம் நன்கொடை வாங்கி இதே சட்டத்தை மீறின என்று தீர்ப்புச் சொன்னது. என்ன நடந்தது? 2016இல் நிதிச் சட்டத்தின் வழியாக 'வெளிநாட்டு மூலம்' என்பதன் விளக்கத்தையே மாற்றினார்கள். அது போதவில்லை என்று 2018இல் அந்த மாற்றத்தை 1976ஆம் ஆண்டுக்கே பின்தேதியிட்டார்கள். நாற்பத்திரண்டு வருஷத்து மீறல் ஒரே வரியில் சுத்தமானது. சேரிக்கு மட்டும் சல்லடை, கட்சிக்கு மதகு. அங்கே யாரும் அறங்காவலர் கைநாட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பரிசோதனை என்பதையே ஆயுதமாக்குவதும் உண்டு. சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு அமைப்பு ஐ.நா.வின் ஆலோசனைத் தகுதி கேட்டு விண்ணப்பித்தது. இந்திய அரசு கேள்விக்கு மேல் கேள்வி கேட்டது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கேள்வி, பதில் வந்ததும் புதுக் கேள்வி, விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பு. 15 ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 2022 டிசம்பரில்தான் தகுதி கிடைத்தது. 'இல்லை' என்று ஒருமுறைகூடச் சொல்லாமல் பதினைந்து வருஷம் வாசலில் நிறுத்திவைக்க முடியும், கேள்விகள் மட்டும் இருந்தால் போதும்.

இதைப் படிக்கும் தோழர்கள் சிலருக்கு இப்போதே கோபம் வந்திருக்கும். 'தலித் விடுதலை பேசும் பத்திரிகையில் டாலருக்கு வக்காலத்தா?' என்பார்கள். 1984இல் பிரகாஷ் காரத் 'தி மார்க்சிஸ்ட்' இதழில் தன்னார்வக் குழுக்களை ஏகாதிபத்திய வியூகத்தின் ஒரு கூறு என்று எழுதினார். அதற்குப் பிறகு நம்மிடையே இந்த விவாதம் ஓயவே இல்லை. அந்த விமர்சனத்தில் பாதி உண்மை என்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். போராட வந்த இளைஞன் 'ஃபீல்டு ஸ்டாஃப்' ஆகிறான். மனு எழுதிய கை அறிக்கை எழுதத் தொடங்குகிறது. திட்டம் முடிந்ததும் போராட்டமும் முடிகிறது. 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நில மீட்புக்காகச் செங்கல்பட்டில் கூடிய மக்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அவர்கள் எந்தத் திட்ட அறிக்கையின் பயனாளிகளும் அல்ல. அந்த மண்ணுக்கு எந்த நிதி அறக்கட்டளையும் விலை கொடுக்க முடியாது.

மீதிப் பாதிக்கு என் பதில் இது. டாலர் வேண்டாம் என்று நாம் சொன்னால் டாலர் வராமல் போவதில்லை. அது ஊருக்குள் போகும், சேரிக்கு வராது. காகிதம் சுத்தமாக உள்ளவர்களுக்குப் போகும். ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறவர்களுக்கு, அபிராமபுரத்தில் ஆடிட்டர் வைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு, போர்டில் ரிடயர்டு ஆபீசர் உள்ளவர்களுக்குப் போகும். அவர்கள் நம்மைப் பற்றி எழுதி நம் பேரில் வாங்குவார்கள். நம் வறுமை அவர்களுக்கு முதலீடு. அதைத்தானே இத்தனை காலமாகப் பார்க்கிறோம்?

2004 சுனாமியை நினைத்துப் பாருங்கள். உலகமே நாகப்பட்டினத்துக்குப் பணம் அனுப்பியது. அத்தனை அவசரத்தில் பரிசோதனை பெரிதாக இல்லை, எல்லாமே 'எளிமை'. என்ன ஆயிற்று? தலித்துகளை முகாம்களிலிருந்து விரட்டினார்கள், தண்ணீரைத் தொடவிடவில்லை, நிவாரணப் பட்டியலிலிருந்தே அவர்கள் பெயர் விடுபட்டது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2005இல் வெளியிட்ட அறிக்கை உட்படப் பலரும் இந்தப் பாகுபாட்டைப் பதிவு செய்தார்கள். பணம் கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் இல்லாமல் போனது: இது எந்தத் தெருவுக்குப் போகிறது?

ஆகவே வெறுமனே 'எளிமையாக்கு' என்று கோஷம் போடுவது நமக்குப் போதாது. யாருக்கு எளிமை என்று கேட்க வேண்டும். கேள்விகளைக் குறைத்துக்கொண்டே போய், கொடுப்பவரின் வக்கீலுக்கு வேலை குறைந்தால் அது எளிமை அல்ல, சோம்பேறித்தனம். எங்கள் பெரியம்மா மாதிரி ஒருவர் தன் வாயால், தன் மொழியில் சொல்லிப் புரியவைக்க முடிந்தால் அது எளிமை.

அந்தப் பட்டியலில் இனமும் நிறமும் எப்படி வந்தன என்று தெரியுமா? அது வானத்திலிருந்து விழவில்லை. கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடியதன் பலன். நிறம் பார்க்கும் பள்ளிக்கு வரிச்சலுகை கிடையாது என்று அமெரிக்க வரித்துறை முடிவெடுத்தது. தன் பள்ளியில் நிறப் பாகுபாடு இல்லை என்று ஒவ்வொரு பள்ளியும் காட்டியாக வேண்டும் என்ற நடைமுறை 1975இல் வந்தது. 1983இல் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழக வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அந்தக் கொள்கையை உறுதி செய்தது. அந்தக் கேள்விதான் கடல் தாண்டி எங்கள் மஞ்சள் பைக்குள் வந்து உட்கார்ந்தது. அவர்கள் போராட்டத்தின் கேள்வி நம் சேரிவரை வந்திருக்கிறது. நம் போராட்டத்தின் கேள்வி ஏன் அங்கே போகவில்லை?

போகாமலும் இல்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் சாதியைத் தன் பாகுபாட்டுத் தடைப் பட்டியலில் சேர்த்தது. கலிபோர்னியா சட்டமன்றத்தில் நிறைவேறிய சாதித் தடை மசோதாவை 2023 அக்டோபரில் ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார் என்பதும் உண்மைதான். ஆனாலும் 'சாதியா, அது என்ன?' என்று இனி அமெரிக்காவில் யாரும் கேட்க முடியாது. சாதி ஒரு நகரத்தின் சட்டத்தில் ஏறியிருக்கிறது என்றால் ஒரு நன்கொடைப் படிவத்தில் ஏற எவ்வளவு நேரமாகும்?

நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் எனக்குத் தெரிந்தவரை இவை.

முதலாவது, தமிழில் எழுதிய பத்திரத்தைத் தமிழிலேயே வாங்க வேண்டும். மொழிபெயர்ப்பு கொடுப்பவர் செலவு.

இரண்டாவது, தொகைக்கு ஏற்ற கேள்வி. கோடி ரூபாய்க்குக் கேட்பதையே லட்ச ரூபாய்க்கும் கேட்கக் கூடாது. சிறு தொகைக்கு முதல் வழியே போதும்: கொடுத்ததற்கு ரசீது, செய்ததற்குச் சாட்சி, அவர்களே நேரில் வந்து பார்க்கட்டும்.

மூன்றாவது, ஒருமுறை பரிசோதித்த முடிவைப் பலரும் ஏற்கட்டும். ஆனால் அதன் ஒரு பிரதி எங்கள் கையிலும் இருக்க வேண்டும். எங்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான்காவது, சாதியைக் கேட்க வேண்டும். போர்டில் தலித்துகள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்? செக்கில் கையெழுத்துப் போடுவது யார்? சம்பளப் பட்டியலில் மேலே யார், பெருக்கித் துடைக்க யார்? 'தலித் மேம்பாடு' என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் மேசையில் ஒரு தலித்தும் இல்லாத நிறுவனம், நிறம் பார்க்கும் பள்ளி எந்த வரிசையில் நிற்கிறதோ அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

ஐந்தாவது, இந்திய அரசுக்கு: 15 லட்ச நிபந்தனையை எடு, நிதி மாற்றத் தடையை நீக்கு. கட்சிகளுக்குப் பின்தேதியிட்டுத் திருத்த முடிந்த கையால் இதைத் திருத்த முடியாதா?

இதையெல்லாம் கேட்டு வாங்கினாலும் ஒரு எச்சரிக்கை நமக்கே நாம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு அபிராமபுரத்திலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். அடையாறு பாலத்தைத் தாண்டினால் போதும். 1894இல் கர்னல் ஆல்காட் என்ற அமெரிக்கர் அங்கே ஊரூரில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். ஊர்ப் பள்ளிகள் நம் பிள்ளைகளுக்குக் கதவடைத்திருந்த காலம் அது. அவர் காலத்திலேயே அப்படி ஐந்து பள்ளிகள் ஆயின. அந்தப் பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளியாக இன்றும் பெசன்ட் நகரில் நடக்கிறது. நம் பாட்டன்மார் அதில் படித்து எழுந்தார்கள். நன்றியோடு சொல்கிறேன், அது வெளிநாட்டு உதவி. 1907இல் ஆல்காட் இறந்தார். அவருக்குப் பின் பிரம்மஞான சபைக்குத் தலைமை ஏற்றவர் அன்னி பெசன்ட். பஞ்சமக் குழந்தைகளை உயர்சாதிக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் உட்காரவைக்கக் கூடாது என்று அவர் 1909இல் 'இந்தியன் ரிவியூ'வில் எழுதினார். பிற்காலத்தில் அண்ணல் அம்பேத்கர் அந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டி அம்பலப்படுத்தினார். கொடுக்கும் கை மாறினால் கொடுப்பின் குணமும் மாறும். முடிவெடுக்கும் மேசையில் நாம் இல்லாவிட்டால் நம் பள்ளியில்கூட நமக்கு எதிரான கருத்து தலைமை தாங்கும்.

அதே 1907இல், இந்தப் பக்கம் இராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கினார். விலையே பெயரில் இருந்தது. ஆல்காட்டோடு இலங்கைவரை போய் வந்தவர்தான் அவர். வெளிநாட்டு நட்பு அவருக்கு வேண்டாததல்ல. ஆனாலும் தன் குரலை ஒரு பைசா கொடுக்கிற தன் மக்களிடம்தான் ஒப்படைத்தார். பள்ளிக்குப் பிறர் கொடுத்ததை வாங்கலாம். பத்திரிகைக்கும் போராட்டத்துக்கும் நம் பைசாதான். இந்தக் கோட்டை அவர் அன்றே போட்டுவிட்டுப் போனார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

எங்களுடைய மூன்றாவது பாடசாலை இன்றும் நடக்கிறது. எங்கள் சேரியில் படித்து வேலைக்குப் போன பதினோரு பேர் மாதாமாதம் பணம் போடுகிறார்கள். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. மூடிய இரண்டு பாடசாலைகளும் மூடியபடிதான் கிடக்கின்றன. அங்கே வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் சிலர் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். வந்திருக்க வேண்டிய பணம் வராமல் போனதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. 'டாலர் வராமல் போனது நல்லதே' என்று என்னிடம் சொன்ன தோழரை ஒருநாள் அந்தச் சூளைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு அபிராமபுரத்திலிருந்து திரும்பி மந்தைவெளியில் பஸ்ஸுக்கு நின்றோம். பெரியம்மா வெகுநேரம் பேசவில்லை. மைபூசிய கட்டைவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"ஏந்தம்பி, நம்மளப் பத்தி இத்தனை கேக்குறாங்களே, அவங்களப் பத்தி நாம ஒண்ணும் கேக்க வேணாமா? அந்தப் பணம் யாரு சம்பாரிச்சது, அவங்க ஆபீசுல நம்மாளு எத்தினி பேரு, வாங்கிட்டு வாய மூடிக்கினு இருக்கச் சொல்லுவாங்களா... இதெல்லாம் நாமளும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்கலாம்ல?"

அந்தப் பேப்பரைத்தான் தோழர்களே, இப்போது எழுதத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் ஊர்க் கேள்விகளையும் சேர்த்துக்கொடுங்கள். முதல் கையெழுத்து பெரியம்மாவுடையது. கைநாட்டுதான்.